ஐசியுல ஆல்புமின் 2.1, நகைய அடகு வெச்சு பாட்டில் வாங்கணுமா?

தண்டையார்பேட்டையில இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு. அப்பாவுக்கு 63 வயசு, சுகர் இருக்கு, கால் புண்ணு வழியா இன்ஃபெக்‌ஷன் ரத்தத்துல ஏறி கிட்னி ஃபெயிலியர் ஆகி ஐசியுல டயாலிசிஸ் போயிட்டிருக்கு, ரிப்போர்ட்ல ஆல்புமின் 2.1. ஆல்புமின் பாட்டில் ஏத்தினா பொழச்சுக்குவாருன்னு மாமா சொல்றாராம், கிட்னிக்காரங்களுக்கு புரோட்டீனே ஆகாதுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்களாம், எத நம்புறதுன்னு கேக்குறாரு.

மாமா சொன்னாருன்னு மட்டும் நகைய எடுத்துட்டு போகாதீங்க.

ஆல்புமின் ஈரல்ல உண்டாகிற புரோட்டீன், நார்மலா 100 மில்லி ரத்தத்துக்கு 3.5ல இருந்து 5 கிராம் வரைக்கும் இருக்கணும். பெரிய இன்ஃபெக்‌ஷன் வந்தா ஈரல் அத செய்றத கொறச்சுட்டு வேற புரோட்டீன் பக்கம் போயிடும், ரத்தக்குழாய் கசிய ஆரம்பிச்சு இருக்கறதும் திசுக்குள்ள எறங்கிடும், அதோட பிபிக்காக ஏத்துற டிரிப்ஸ்ல கொஞ்சம் நீர்த்தும் போகும். அதனால ரெண்டு நாள்ல 3.6 இருந்தது 2.1 ஆச்சுன்னா அது சாப்பாடு இல்லாததால வந்தது இல்ல, நோய் எவ்ளோ கடுமையா இருக்குன்னு காட்டுது. இந்த மாதிரி பேஷன்ட்ஸ்ல ஆல்புமின் கம்மியா இருக்கறவங்களுக்கு ஆபத்து ஜாஸ்திங்கறது உண்மைதான், மறைக்கல. ஆனா ஹார்பர்ல புயல் கூண்டு ஏத்துவாங்கல்ல, அந்த கூண்ட எறக்கி வெச்சா புயல் நின்னுடுமா?

இத பெரிய அளவுலயே சோதிச்சு பாத்துட்டாங்க. 2004ல ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐசியுக்கள்ல கிட்டத்தட்ட 7000 பேருக்கு பாதி பேருக்கு ஆல்புமின், பாதி பேருக்கு சாதா சலைன், 28 நாள் கழிச்சு பாத்தா உயிர் பொழச்சதுல வித்தியாசமே இல்ல. 2014ல இத்தாலியில கடுமையான செப்சிஸ், அதாவது இன்ஃபெக்சனால உறுப்புகளே பாதிக்கற நெலமை, இருந்தவங்களுக்கு தினமும் ஆல்புமின் குடுத்து நம்பர 3க்கு மேல வெச்சு பாத்தாங்க, நம்பர் ஏறுச்சு, ஆனா மொத்தத்துல கூடுதலா யாரும் பொழைக்கல. அதுக்காக பாட்டில் எப்பவுமே வேஸ்ட்னு அர்த்தமில்ல. ஈரல் சுருங்கி வயித்துல நீர் கட்டினவங்களுக்கு உதவும், டிரிப்ஸ் நெறைய ஏத்தியும் பிபி நிக்கலன்னாலும் டாக்டர் யோசிப்பாங்க. அதனால டாக்டரே எழுதினா "எதுக்காக, எத்தன பாட்டில்"னு தாராளமா கேளுங்க, காரணம் இருந்தா சொல்லிடுவாங்க.

பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னது டயாலிசிஸ் இல்லாம நாள்பட்ட கிட்னி கோளாறோட இருக்கறவங்களுக்கு சொல்ற பத்தியம், உங்கப்பாவுக்கு அது பொருந்தாது. டயாலிசிஸ்ல புரோட்டீனோட சின்ன துண்டுகளான அமினோ ஆசிட் வெளிய போயிடும், அதனால கிலோவுக்கு 1ல இருந்து 1.5 கிராம் புரோட்டீன் தேவை, 60 கிலோ ஆளுன்னா 60ல இருந்து 90 கிராம். ரொம்ப அதிகமாவும் வேணாம், 2023ல வந்த ஒரு ஆய்வுல கிலோவுக்கு 2.2 கிராமோ அதுக்கு மேலயோ குடுக்க பாத்ததுல கிட்னி பாதிச்சவங்களுக்கு கெடுதலா போற மாதிரிதான் தெரிஞ்சது.

விசிட்டிங் டைம்ல ஆல்புமின் எவ்ளோன்னு கேக்காம, பிபிய ஏத்தி நிறுத்துற மருந்தோட டோஸ் கொறையுதா, லாக்டேட் (திசுக்களுக்கு ரத்த ஓட்டம் பத்தலன்னா ரத்தத்துல ஏறுற பொருள்) எறங்குதா, யூரின் வருதா, கால் புண்ண சுத்தம் பண்ணியாச்சான்னு கேளுங்க, நெலமை எங்க போகுதுன்னு அதுலதான் தெரியும். முட்டை வெள்ளைக்கரு குடுக்கலாமான்னா, ட்யூப்ல ஃபீட் போயிட்டிருந்தா வீட்டுல இருந்து எதுவும் கொண்டு போகாதீங்க, அங்க இருக்குற டயட்டீஷியன்கிட்ட விட்டுடுங்க. வாயால சாப்பிட ஆரம்பிச்சப்புறம் முட்டை, மீன் எல்லாம் எவ்ளோன்னு பொட்டாசியம், பாஸ்பரஸ் பாத்துட்டு அவங்களே சொல்லுவாங்க.