கட்டிக்கு ரத்தக்குழாய் எப்படி வருகிறது?

கேள்வி: என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோ நடக்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற ஒன்று கட்டிக்கு ரத்தம் போகாமல் தடுக்கும் என்று படித்தேன். அதை மருந்தாகக் கொடுக்க முடியுமா? – ஒரு வாசகி

பதில்: கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு அப்படி ஒரு மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதை எதிர்பார்த்து கீமோவைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள்.

நான் நோய்க்குறியியல் மருத்துவர். கட்டியிலிருந்து சீவிய மெல்லிய துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது என் அன்றாட வேலை. ரத்தக்குழாய் மட்டும் பழுப்பாகத் தெரியும்படி சாயம் ஏற்றுவோம். நல்ல திசுவில் குழாய்கள் ஒழுங்காக ஓடும். கட்டிக்குள் பார்த்தால் கோணல்மாணலாக, ஓரிடத்தில் புடைத்து, இன்னோரிடத்தில் போக வழியில்லாமல் முட்டி நிற்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் அந்த இடத்தில் என் கை ஸ்லைடை நகர்த்தாமல் நின்றுவிடும்.

அவ்வளவு அவசரமாக முளைத்த குழாய்கள் அவை. ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளரக் கட்டிக்குப் புதுக் குழாய்கள் வேண்டும் என்று 1971-லேயே அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மேன் எழுதினார். ஆக்சிஜன் போதாத செல்கள் வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கும். பக்கத்துக் குழாய்கள் அதை நோக்கிக் கிளை விடும்.

சரி, மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு இதில் என்ன வேலை? ஆர்.என்.ஏ. என்பது மரபணுச் செய்தி எழுதப்பட்ட இழை போன்ற மூலக்கூறு. அதில் சுமார் 22 எழுத்து மட்டும் நீளமுள்ள துணுக்குதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. புரதம் செய்யச் சொல்லும் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு அந்த உற்பத்தியைக் குறைக்கும். இதைக் கண்டுபிடித்த ஆம்ப்ரோஸ், ருவ்குன் இருவருக்கும் 2024-இல் நோபல் கிடைத்தது.

நீங்கள் படித்தது பாதிதான் சரி. மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் பல வகை உண்டு. மிஆர்-126 என்ற வகை, தடுக்கிற கூட்டம்: மார்பகப் புற்றுசெல்லில் அது குறைந்தால், குழாய்களைத் தன் பக்கம் இழுக்கும் வேகம் அந்தச் செல்லுக்குக் கூடுகிறது. மிஆர்-155 நேர் எதிர். குழாய் வளர்ச்சியை அடக்கிவைக்கும் வி.எச்.எல். புரதத்தையே குறைத்து, வளர வழிவிடுகிறது.

மருந்தாக்குவதில் சிக்கலும் இங்கேதான். ஒரு துணுக்கு பல நூறு புரதங்களின் உற்பத்தியில் கைவைக்கும். மிஆர்-34ஐப் போலச் செய்த ஒரு மருந்தை வேறு புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை, கடும் நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016-இல் நின்றுபோனது.

அப்புறம், அக்காவின் ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று வரிகள் இருக்கும்; கட்டி செல்களில் அந்தப் புரதங்கள் இருக்கின்றனவா என்று சொல்பவை. இன்று அவருக்கு எந்த மருந்து என்பதை முடிவு செய்வதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த முறை போகும்போது ரிப்போர்ட்டை எடுத்துப்போய், அந்த மூன்றையும் டாக்டரிடம் விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.