தகரத்தில் இடம் இல்லை

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 26. காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவன். மணலியில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். ஓவியம், லினோலியத் தகட்டைச் செதுக்கி எடுக்கும் லினோ அச்சு, களிமண், புகைப்படம், கவிதை எல்லாவற்றிலும் ஈடுபாடு உண்டு. கே.ஜி. சுப்ரமணியன் வாழ்க்கையைப் பற்றி நீங்கள் பேசியதைக் கேட்ட பிறகு, அவரைப்போலப் பல்துறைக் காட்சிக் கலைஞராகவும் எழுத்தாளராகவும் ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் ஓர் ஓவியக் கூடத்தில், "எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வடசென்னை என்றாலே ஓர் இளக்காரம் வேறு. நான் ஒரு துறையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டுமா? இந்த வயதில் கவின்கலைக் கல்லூரியில் சேரலாமா? பதினோரு படங்களை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

முதலில் கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறேன். கையெழுத்துக்குக் கீழே 'பல்துறைக் காட்சிக் கலைஞர், எழுத்தாளர், சிந்தனையாளர்' என்று போட்டிருந்தீர்கள். பெயரோடு அதையும் நீக்கிவிட்டேன், உங்கள் மானத்தைக் காப்பாற்ற. சிந்தனையாளர் என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். ஊரும் பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில்தான் சொல்லும். அவசரப்படாதீர்கள்.

வடசென்னை இளக்காரம் உண்மைதான். நானும் பட்டிருக்கிறேன். அதைப் பேசத் தொடங்கினால் வரைவதற்குப் பொழுது இருக்காது, விடுங்கள். கல்லூரி வயது வரம்பை அதன் அலுவலகத்தில் கேளுங்கள், என்னிடம் அல்ல. 1850-இல் தொடங்கிய இடம், நீங்கள் பெரியமேடு வரை போய் வருவதற்குள் ஓடிவிடாது.

சுப்ரமணியனுக்கு வருகிறேன். நான் பேசியதில் உங்கள் காதில் விழுந்தது பட்டியல் மட்டும்தான் போலிருக்கிறது. ஓவியம், சுவர்ச் சித்திரம், சுடுமண், பொம்மை, கண்ணாடி ஓவியம், குழந்தைகள் நூல், கட்டுரை. அவர் 1924-இல் கேரளத்தில் கூத்துப்பறம்பில் பிறந்தார். நம் மாநிலக் கல்லூரியில் படித்தது பொருளாதாரம். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை சென்றார். அதனால் அரசுக் கல்லூரிகளின் கதவு மூடியது. அதன் பிறகே 1944-இல் வங்காளத்தில் தாகூரின் சாந்திநிகேதனில் கலைப் படிப்பு. பரோடாவில் ஆசிரியராக இருந்தவர், 1959 முதல் 61 வரை கைத்தறி வாரியத்தில் வடிவமைப்பு வேலை பார்த்தார். தறிக்காரர்களோடு பழகியவருக்குக் கலை மேலே, கைத்தொழில் கீழே என்ற படிக்கட்டில் நம்பிக்கை இருக்குமா? பரோடா மாணவர்கள் நடத்திய சந்தைக்குப் பொம்மை வேண்டியிருந்தது, செய்தார். லக்னோவில் ரவீந்திராலய அரங்கின் நீளச் சுவருக்குச் சித்திரம் வேண்டியிருந்தது, 1963-இல் சுட்ட ஓடுகளால் அமைத்தார். வேலை வந்து கதவைத் தட்டியது, கை போய்த் திறந்தது. நீங்களோ ஊரிலுள்ள கதவையெல்லாம் போய்த் தட்டிவிட்டு, யாராவது எட்டிப் பார்ப்பதற்குள் ஓடிவிடுகிறீர்கள். லினோவுக்கு இரண்டு வாரம், களிமண்ணுக்கு ஒரு வாரம் என்று உங்கள் படக் குறிப்பே சொல்கிறது. களிமண் காய்ந்து வெடிக்கக்கூட நீங்கள் நேரம் கொடுத்திருக்க மாட்டீர்களே!

சுப்ரமணியனுடைய ஆசிரியர்களில் ஒருவர் வினோத் பிஹாரி முகர்ஜி. 1956-இல் பார்வையை முழுவதும் இழந்தார். ஓவியருக்குக் கண் போனால் என்ன மிச்சம்? அவர் காகிதத்தை வெட்டி ஒட்டினார். 1972-இல் விரல்களால் தடவித் தடவியே ஓடுகளால் ஒரு சுவர்ச் சித்திரம் செய்தார். தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிக்கொண்டார்கள். அவரிடம் போய் "ஐயா, நீங்கள் பல்துறைக் கலைஞரா?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். சிரிப்பு வருகிறது.

ஆனால் உங்கள் கடிதத்துக்கு இன்றே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இவர்கள் இருவரும் அல்லர். இன்று காலை பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு தையல் கடையைத் தாண்டிப் போனேன். முகப்பில் கட்டியிருந்த பிளெக்ஸ் காற்றில் கிழிந்து தொங்கியது. அதன் பின்னால் பழைய தகரப் பலகை. மஞ்சள் எனாமல் மங்கி, சிவப்பு எழுத்துகள் அங்கங்கே உதிர்ந்து. நடுவில் ஒரு 'லை'. யானைத் தும்பிக்கை போட்ட பழைய லை.

அந்த லை எழுதப்பட்டபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறையில் கல்மண்டபத்தில் ஒரு போர்டு எழுதுகிறவரிடம் எடுபிடியாக இருந்தேன். பெயிண்ட் கலக்குவது, பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசுவது, சுண்ணாம்பு தடவிய நூலின் மறுமுனையைப் பிடிப்பது. தெருவே அவரை 'ஆர்ட்டிஸ்ட்' என்றுதான் கூப்பிடும். கடைப் பலகை எழுதுவார். தேர்தல் வந்தால் சுவரில் எல்லாக் கட்சிச் சின்னமும் வரைவார். காசிமேட்டில் கரையேற்றிய படகின் வயிற்றில், வளைவுக்கு ஏற்ப எழுத்தை இழுத்தும் குறுக்கியும் பெயர் எழுதுவார். செத்துப்போனவரின் பாஸ்போர்ட் புகைப்படத்தில் கட்டம் போட்டு, ஆள் உயரத்துக்குப் படம் ஆக்குவார். அதற்குக் கீழே நாலு வரி இரங்கல் பாவும் அவரே. கூலி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். பாட்டுக்குத் தனியாக யாரும் கொடுத்ததில்லை.

தையல்காரர் எழுதித் தந்த வாசகம் இது: 'இங்கு ஆண் பெண் இருபாலருக்கும் தையல் வேலை நேர்த்தியாகச் செய்து தரப்படும்.' தகரம் மூன்றடிதான். ஆர்ட்டிஸ்ட் முழம் போட்டுப் பார்த்தார். "இங்கு எதற்கு? போர்டு பக்கத்துத் தெருவிலா தொங்கப்போகிறது?" இங்கு போயிற்று. "இருபாலர் என்றால் வேறு யார்?" ஆண் பெண்ணும் போனார்கள். இரண்டு வரியாக மடக்கி நூல் அடித்தோம். மேல்வரியில் அப்போதும் ஒரு விரல் அகலம் இடித்தது. தையல்காரர் கீழ்வரியைக் காட்டி, "அந்த 'ச்' எதற்கு, எடுத்துவிட்டு ஒரு சொல்லைக் கீழே தள்ளுங்களேன்" என்றார். ஆர்ட்டிஸ்ட் அவரைப் பார்த்த பார்வையில் எனக்கே வயிற்றைக் கலக்கியது. ஒற்றெழுத்தைக் கொன்று பிழைக்கிறவன் நான் இல்லை என்றார்.

கொஞ்ச நேரம் பீடி புகைத்தார். பிறகு மேல்வரியில் 'வேலை' என்று வருமிடத்தில், கொம்பைத் தனியாகப் போடாமல் ல-வின் தலையில் தும்பிக்கையாகச் சுழற்றினார். வரி பொருந்திவிட்டது. 1978-இல் அரசு எழுத்தை மாற்றியாயிற்று, என் மகன் பள்ளியில் புதிய லைதான் படிக்கிறான் என்று தையல்காரர் முனகினார். "அப்படியானால் உங்கள் மகனை நாலடித் தகரம் வாங்கி வரச் சொல்லுங்கள்" என்றார் ஆர்ட்டிஸ்ட்.

நான் இத்தனை வருடம் எழுதியதில் வேண்டாத சொல்லை வெட்டத் தெரிந்திருக்கிறது என்றால், அதைக் கற்றது அந்தத் தகரத்தின் முன்னால்தான். பிறகு சந்தித்த பத்திரிகை ஆசிரியர் யாரும் அவ்வளவு கறாராக இல்லை. அங்கே எது எழுத்து, எது ஓவியம்? லை-யின் தும்பிக்கை எந்தத் துறை? கூடத்துக்காரர்கள் ஒன்றைப் பிடித்துக்கொள் என்றார்களே, அதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. எந்த ஒன்றை? ஆர்ட்டிஸ்ட் எதை விட்டிருக்க வேண்டும்? பாட்டையா, படகையா? இடிக்கிற இடத்தில் நிற்க வேண்டும் தம்பி. விரல் அகலம் போதாதபோது வேறு தகரம் தேடி ஓடாமல் நிற்க வேண்டும். உங்கள் லினோவில் உளி வழுக்கிய இடம் அப்படியே தெரிகிறது. அங்கேதான் அடுத்த நாள் தொடங்கியிருக்க வேண்டும், நீங்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

சாந்திநிகேதனில் கலாபவனம் என்ற கலைக் கல்லூரியின் ஒரு கட்டடம் முழுவதும் சுப்ரமணியன் கறுப்பு வெள்ளையில் வரைந்திருந்தார். 2009-இல் எண்பத்தைந்து வயதில் மறுபடி சாரம் ஏறி அதே சுவர்களில் புதிதாக வரைந்தார். 2016-இல் மறைந்தார்.

பதினோரு படங்களையும் பார்த்தேன். பத்தைப் பற்றி நான் பேசாமல் இருப்பதே உங்களுக்கு நல்லது. ஏழாவது, மீன்பிடித் துறைமுகத்தில் ஓர் அம்மாள் அன்னக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பது. பால்பாயின்ட் பேனா, கணக்குப் புத்தகத் தாள். முழங்காலுக்கு மேல் சேலை மடிந்திருக்கும் விதத்தில் ஈரம் தெரிகிறது. ஓரத்தில் பொடி எழுத்தில் 'அம்மா, 3 மணி, ஐஸ் வரவில்லை' என்று எழுதி, பிறகு வெட்கப்பட்டு அடித்திருக்கிறீர்கள்.

அசலை மடிக்காமல் அட்டை வைத்து அனுப்புங்கள். அடித்ததைத் திரும்ப எழுதியே அனுப்புங்கள். தாளில் இடம் இருக்கிறது.