வெஸ் மான்ட்கோமரி பற்றிக் கேட்டீர்கள்: ஜாஸ் கிட்டார் கேள்வி பதில்

கேள்வி: ஜாஸ் கிட்டார் என்றாலே வெஸ் மான்ட்கோமரி பேரை எடுக்கிறீர்களே சார், யார் அவர்?

பதில்: அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ்காரர். பிறந்தது 1923. அண்ணன் மங்க் பேஸ் (கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியம்) வாசிப்பவர், தம்பி பட்டி பியானோவும் வைப்ரஃபோனும் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்). வெஸ் இருபது வயதை ஒட்டித்தான் கிட்டாரில் முழுமூச்சாக இறங்கினார். முன்னோடி ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே சோலோக்களை, அதாவது தனி வாசிப்புகளை, பிடித்துக்கொண்டார். உள்ளூர் கிளப் ஒன்றில் வேலை கிடைத்ததுகூட அதை வைத்துத்தான். அந்த சோலோக்களை வாசித்து முடித்தால் அவ்வளவுதான், சும்மா இருந்துவிடுவாராம்!

கேள்வி: நோட்டேஷன் (எழுதிவைத்த ஸ்வரக் குறிப்பு) படிக்கத் தெரியாதாமே?

பதில்: தெரியாது. எல்லாம் கேள்வி ஞானம்தான்.

கேள்வி: தந்தியை மீட்டும் பிக் என்ற சின்னத் தகடு இல்லாமல் ஏன் வாசித்தார் அண்ணா? நான் கிட்டார் பழகி ஒரு வருஷம் ஆகிறது.

பதில்: ராத்திரி வீட்டில் பழகும்போது அக்கம்பக்கத்தார் சத்தம் என்று முறையிட, கட்டைவிரலுக்கு மாறினார் என்று சொல்வார்கள். விரல் சதை பட்டதும் நாதம் உருண்டு திரண்டு வந்தது. அவருடைய ஆக்டேவ் வாசிப்பை நீங்களும் முயன்று பாருங்கள். ஆறாவது தந்தியில் மூன்றாம் ஃபிரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்கே இருக்கும் மெட்டு), நான்காவது தந்தியில் ஐந்தாம் ஃபிரெட்: ஒரே ஸ்வரம், இரண்டு ஸ்தாயி. நடுவில் இருக்கும் ஐந்தாவது தந்தி ஒலிக்கக் கூடாது. ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் சாய்த்து அதைத் தொட்டபடி வைத்தால் அடங்கிவிடும். நான்காவது, இரண்டாவது தந்திகளுக்குப் போகும்போது இடைவெளி மூன்று ஃபிரெட் ஆகும். இதை அவர் ஓடும் வேகத்தில் செய்தார் என்பதுதான் விஷயம்.

கேள்வி: ஆரம்பத்திலிருந்தே முழுநேரக் கலைஞரா?

பதில்: எங்கே! 1948 முதல் இரண்டு வருஷம் வைப்ரஃபோன் கலைஞர் லயனல் ஹாம்ப்டன் குழுவில் இருந்தார். விமானம் என்றால் பயம், ஊர் ஊராகக் காரில்தான் போனார். அப்புறம் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். ஏழு பிள்ளைகள். பகலில் தொழிற்சாலை, இரவில் டர்ஃப் பார், அது மூடியதும் மிசைல் ரூம் என்ற கிளப்பில் விடிய விடிய வாசிப்பு. 1959இல் அங்கே கேட்டு அசந்துபோன சாக்ஸஃபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லிதான் ரிவர்சைட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஆரின் கீப்நியூஸிடம் இவரைப் பற்றிச் சொன்னார். அப்போது வெஸ்ஸுக்கு வயது 36.

கேள்வி: கடைசிக் காலத்தில் காசுக்காக பாப் பாட்டுகள் வாசித்தார் என்கிறார்களே?

பதில்: ரிவர்சைட் 1964இல் நொடித்துப்போன பிறகு, வெர்வ் நிறுவனத்தில் கிரீட் டெய்லர் தயாரிப்பில் ஹிட் பாட்டுகளை ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்தார். கிராமி இசை விருதும் கிடைத்தது. ஏழு பிள்ளைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தட்டுகளில் அவருக்கு விரிவாக வாசிக்க இடமே இல்லை, அது நஷ்டம்தான். 1968 ஜூனில் மாரடைப்பு. 45 வயது.

கேள்வி: சரி, எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: 1965இன் 'ஸ்மோக்கின் அட் த ஹாஃப் நோட்' ஆல்பம். அதில் 'நோ புளூஸ்' போடுங்கள். முதலில் ஒற்றை ஸ்வரங்கள், பிறகு ஆக்டேவ், கடைசியில் முழு கார்டுகள் (பல ஸ்வரங்கள் ஒன்றாக) என்று அவர் ஏறிக்கொண்டே போவது தெளிவாகக் கேட்கும். பியானோ வரும் இடத்தைத் தள்ளிவிடாதீர்கள். வின்டன் கெல்லியும் லேசுப்பட்டவர் இல்லை.