இதயத்தை உழைக்க வைத்துப் பார்க்கும் சோதனைகள்: கேள்வி-பதில்

கேள்வி: முழங்கால் தேய்மானம். டிரெட்மில்லில் நடக்க முடியாது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. டோபுடமின் என்ற மருந்தை ஏற்றித் துடிப்பைக் கூட்டி எக்கோ (ஒலி அலையால் எடுக்கும் இதயப் படம்) எடுக்கலாம்; இதுவும் ஸ்ட்ரெஸ் எக்கோதான். இதயக் குழாய்களை விரிக்கும் அடினோசின் மருந்தைக் கொடுத்து, இதயத்தசையின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் நியூக்ளியர் ஸ்கேனும் எடுக்கலாம். ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அடினோசின் ஆகாது.

கேள்வி: எக்கோவில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் பங்கு) 60 சதவீதம், நார்மல். பிறகு எதற்கு ஸ்ட்ரெஸ் எக்கோ?

பதில்: ஓய்வில் இதயத்தசைக்குத் தேவையான இரத்தத்தை முக்கால்வாசி அடைத்த குழாய்கூடக் கொடுத்துவிடும். துடிப்பு 130, 140 என்று ஏறும்போதுதான் அந்தக் குழாயை நம்பியிருக்கும் பகுதியின் அசைவு குன்றும். அதைப் பார்க்கத்தான்.

கேள்வி: டி.எம்.டி. (டிரெட்மில்லில் நடக்கவைத்து ஈ.சி.ஜி. எடுக்கும் சோதனை) பாசிட்டிவ். உடனே ஆஞ்சியோ (குழாய் செருகி இதய இரத்தக் குழாய்களைப் படமெடுப்பது) செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வயதை எழுதவில்லை. நெஞ்சுவலி உண்டா, எத்தனை நிமிடம் நடந்தீர்கள் என்பதும் இல்லை. முழு உடல் பரிசோதனைத் தொகுப்பின் ரசீதை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். இதை வைத்து யார் என்ன சொல்ல முடியும்?

தொந்தரவே இல்லாதவருக்கு டி.எம்.டி.யைத் தொகுப்பில் சேர்த்து விற்பதை நான் பல ஆண்டுகளாக எதிர்த்துவருகிறேன். அது முக்கியமாக ஈ.சி.ஜி.யைப் பார்க்கும் சோதனை. அறிகுறி இல்லாதவர்களிடம், அதிலும் நடுவயதுப் பெண்களிடம், அடைப்பே இல்லாமல் பாசிட்டிவ் வருவது சகஜம். ஒரு தாளைப் பார்த்துக் குடும்பமே தூக்கத்தைத் தொலைக்கிறது. நடக்கும்போது வலியோ இரத்த அழுத்த வீழ்ச்சியோ இல்லையென்றால், அடுத்து ஸ்ட்ரெஸ் எக்கோவோ நியூக்ளியர் ஸ்கேனோ சி.டி. ஆஞ்சியோவோ போதும்.

இதயத்தசைக்கு இரத்தம் போதவில்லை என்பது உறுதியானாலும் அலறி ஓட வேண்டியதில்லை. சுமார் 5,000 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வில், நிலையான நோய் உள்ளவர்களுக்கு மருந்தோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸும் சேர்த்தபோது நெஞ்சுவலி தணிந்தது, உயிரிழப்பு குறையவில்லை. இடது பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்களும் பம்பிங் மிகக் குறைந்தவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே ஸ்டென்டே வீண் என்று கிளம்பிவிடாதீர்கள். மாரடைப்பின்போது அது உயிர் காக்கும்.

கேள்வி: அடினோசின் ஸ்கேனுக்கு முன் ஒரு வாய் காபி?

பதில்: கூடாது, கூடாது. 24 மணி நேரத்துக்குக் காபி, தேநீர், கோலா, சாக்லேட் எதுவும் வேண்டாம். சில தலைவலி மாத்திரைகளிலும் காஃபீன் உண்டு. அது அடினோசினைத் தடுப்பதால் குழாய் விரியாது. அடைப்பு இருந்தும் படம் நன்றாக வந்துவிடும். குடித்துவிட்டால் மறைக்காதீர்கள், தேதியை மாற்றுங்கள். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஸ்கேன் நார்மல். இனி மாரடைப்பு வராதே?

பதில்: வாய்ப்பு குறைவு, இல்லை என்று அர்த்தமல்ல. இரத்த ஓட்டத்தைத் தடுக்காத சிறு கொழுப்புப் படிவும் ஒருநாள் வெடிக்கலாம். சிகரெட்டை விடுங்கள்.

கேள்வி: காலையிலிருந்து நெஞ்சில் அழுத்தம். எந்த ஸ்கேன் நல்லது?

பதில்: இது கடிதம் எழுதும் நேரமா? உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அழுத்தினால் எந்த ஸ்ட்ரெஸ் சோதனையும் கூடாது. 108-ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குப் போனவுடன் ஈ.சி.ஜி.யும், இதயத்தசை சேதத்தைக் காட்டும் டிரோபோனின் இரத்தப் பரிசோதனையும் எடுக்க வேண்டும்.