லாரிக்காரரிடம் இல்லாத கூச்சம்

வணக்கம் ஐயா,

எனக்கு 36 வயது. மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. குலைகளைத் தரம் பார்க்கும் பிரிவில் பல வருடம் இருந்தேன், போன வருடம் அதற்கே சூப்பர்வைசர் ஆக்கினார்கள். என் பிரச்சினை, யாரிடமும் 'முடியாது' என்று சொல்ல வராது. மானேஜர் ஐந்தரை மணிக்கு ரிப்போர்ட் கேட்டால் உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி அண்ணன் தன் கணக்கையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். நாள் முழுக்க லாரிக்காரர்களோடு காய்க்குலைக்காக மல்லுக்கட்டிவிட்டு, ஆபீசுக்குள் வந்ததும் ஊமையாகிவிடுகிறேன்.

ஆலையிலிருந்து ஆளுமை வளர்ச்சிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சோதனை வைத்து நான்கு எழுத்து கொடுத்தார்கள், நான் இன்ட்ரோவெர்ட்டாம், தனக்குள் ஒடுங்கும் ஆளாம். "சுபாவத்தை உடைத்துக்கொண்டு வெளியே வாருங்கள்" என்றார் பயிற்சியாளர். வீட்டில், "நீ அப்பா மாதிரி" என்கிறார்கள். அப்பா தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர், தோட்ட மானேஜரான துரைக்கு முன்னால் வாய் திறக்காதவர். நான் மாற வேண்டுமா, இதுதான் நான் என்று விட்டுவிட வேண்டுமா? அடுத்த கட்டப் பயிற்சிக்குக் கைக்காசு 1,500 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். போகலாமா?

எம்.

*

அன்புள்ள எம்.,

யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது என்கிறீர்கள். சில வரி தள்ளி, நாள் முழுக்க லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே ஆள் எழுதியதுதானே?

குலையைத் தரம் பார்ப்பது என்னவென்று அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். லாரி வந்து குலைகளைக் கொட்டும். பழுத்த குலை செம்மஞ்சளாக இருக்கும், பழங்கள் தானாகவே உதிர்ந்த குழிகள் அதில் தெரியும். கறுத்து, ஒரு பழம்கூட உதிராமல் இறுக்கமாக இருந்தால் அது காய். எண்ணெய் குறைவு, ஆலைக்கு நட்டம். அந்தக் குலையைக் கொக்கியால் இழுத்து ஓரத்தில் போட்டு, "இது வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்கிற லாரிக்காரர் உண்டா? வெயிலில் காத்திருந்த எரிச்சல், தோட்டத்தில் ஏச்சு வாங்கப்போகிற பயம் எல்லாம் உங்கள் தலையில்தான் இறங்கும். அத்தனை பேருக்கு நடுவில் நின்று பல வருடமாக 'முடியாது' சொல்லியே சம்பளம் வாங்கியிருக்கிறீர்கள். இதைக் கூச்ச சுபாவம் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த நான்கு எழுத்துச் சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் எழுதியது மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனையாகவோ அதன் வழி வந்த ஒன்றாகவோ இருக்கும். உளவியலாளர் யுங்கின் கருத்தை எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும் உருவாக்கியது அது, இருவருமே முறையாக உளவியல் படித்தவர்கள் அல்லர். சில வாரம் கழித்து அதையே மறுபடி எழுதுகிறவர்களில் கணிசமானவர்களுக்கு வேறு எழுத்துகள் வருகின்றன என்பது அதன்மேல் உள்ள பழைய புகார். பொழுதுபோக்காக எழுதிப் பார்க்கலாம், வாழ்க்கையை அதன்மேல் கட்ட வேண்டாம்.

உங்கள் ஊமைத்தனம் இரண்டு பேரிடம் மட்டும் வருகிறது: மானேஜர், கிராணி. ஒருவர் உங்கள் சம்பள உயர்வைத் தீர்மானிக்கிறவர். மற்றவரை 'அண்ணே' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டீர்கள். அண்ணனாக்கிய பிறகு கணக்கைத் திருப்பிக் கொடுப்பது லேசில்லைதான். ஆக, "நான் எப்படிப்பட்ட ஆள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் பதில் வராது. யார் முன்னால், எந்த நேரத்தில், எதற்குப் பயந்து என்று கேட்டுப் பாருங்கள், வந்துவிடும்.

அப்பா விஷயம். 'அப்பா மாதிரி' என்பதை ரத்தத்தில் வந்தது என்கிற அர்த்தத்தில்தான் வீட்டில் சொல்கிறார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்தியது. கூலி உயர்வோடு அவர்கள் கேட்டதில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பது. அதையும் போராடித்தான் கேட்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு காலத்தைப் பார்த்த தோட்டத்தில் வாயை மூடிக்கொள்வது பிழைக்கும் வழி. தோட்டத்து லயத்தில் குடியிருந்த வீடும் வேலையும் ஒரே ஆளின் கையில் இருந்தபோது அப்பா வேறென்ன செய்திருப்பார்? சாயங்காலம் கடைத்தெருவில் நண்பர்களோடு அவர் எப்படிப் பேசினார் என்று அம்மாவிடம் கேளுங்கள். எனக்கென்னவோ அங்கே வேறு ஒரு மனிதர் இருந்திருப்பார் என்றுதான் படுகிறது.

ஐந்தரை மணி ரிப்போர்ட்டுக்கு வருவோம். உங்கள் மனசைப் பற்றிய கேள்வியாக அதைப் பார்க்கிறீர்கள், எனக்கு அதில் பாதி சம்பளக் கணக்காகத் தெரிகிறது. 2023 ஜனவரியிலிருந்து நம் வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் போகாதவர்களுக்குச் சாதாரண நாளின் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும். உங்கள் சம்பளத்தை நீங்கள் எழுதவில்லை. அந்த வரம்புக்குள் இருந்தால், உங்கள் ஓட்டி (ஓவர்டைம்) கணக்கில் ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். ஏறவில்லையென்றால் உங்களுக்குத் தேவை ஆளுமை வளர்ச்சி இல்லை, தொழிலாளர் இலாகாவின் விலாசம். இந்தப் பயிற்சிகளின்மேல் எனக்குள்ள கோபமே இதுதான். ஆபீசில் சரி செய்ய வேண்டியதை ஆளின் குணத்தில் குறையாக்கி, அவர் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

சரி, மீதிப் பாதி உங்களுடையது. கொஞ்ச நாளைக்கு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மனசில்லாமல் 'சரி' சொன்ன ஒவ்வொரு முறையும் யார், எத்தனை மணி, மறுத்தால் என்ன ஆகும் என்று நினைத்தீர்கள் என்பதை எழுதுங்கள். குண ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். கூட வேலை செய்கிற, உங்களுக்கு வேண்டிய ஒருவரையும் கேளுங்கள். "நான் எப்படி?" என்று கேட்டால், "நல்லவங்கக்கா" என்று முடித்துவிடுவார்கள். "நேற்று மானேஜர் வந்தப்போ நான் எப்படி நின்னேன்?" என்று கேளுங்கள், கண்ணால் கண்டதைச் சொல்வார்கள்.

முதலில் கிராணியிடம் ஆரம்பிக்கலாம், அவரால் உங்கள் வேலைக்கு ஆபத்தில்லை. "அண்ணே, இன்னைக்கு என் கணக்கே முடியல" என்று சொல்லி அந்தக் கோப்பை அவர் மேசையிலேயே வைத்துவிடுங்கள். அண்ணன் என்றே கூப்பிடலாம், அதில் குறையில்லை. முகம் சுளிப்பார், இரண்டு நாள் பேசாமலும் இருப்பார். லாரிக்காரர்களிடம் பார்க்காததா? மானேஜரிடம், "நாளைக் காலை பத்து மணிக்குள் தருகிறேன்" என்பதே தொடக்கத்துக்குப் போதும். அவருக்கு அது பிடிக்காமலும் போகலாம். அந்த ஆபத்து இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

1,500 வெள்ளிப் பயிற்சிக்குப் போக வேண்டாம். எச்ஆர்டி கோர்ப் என்ற மனிதவள மேம்பாட்டு நிறுவனத்துக்கு முதலாளிகள் கட்டுகிற 1 விழுக்காடு லெவி இந்த மாதிரிப் பயிற்சிகளுக்குத்தான் இருக்கிறது. ஆலை அதில் அனுப்பினால் போய்விட்டு வாருங்கள். இரண்டு நாள் ஏர்கோனில் உட்காரலாம், மதியச் சாப்பாடும் நன்றாக இருக்கும் என்று கேள்வி.