பள்ளிப் பிள்ளைகள் வெளிநாட்டு நிவாரணத்துக்குப் பணம் திரட்டலாமா? திரட்டினால் எப்படி அனுப்புவது?

அண்டை நாடு ஒன்றின் பேரிடருக்காக உங்கள் பள்ளியில் மாணவர்கள் பணம் திரட்ட விரும்புவதாகவும், பெற்றோர் சிலர் எதிர்ப்பதாகவும், திரட்டியதை எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடிப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் நடத்தி வருகிறேன். இந்த வேலையில் இரண்டு முறை இறங்கியிருக்கிறேன். முதல் முறை தவறாகச் செய்தோம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் நிலநடுக்கம் வந்தபோது எங்களுக்குக் கோடை விடுமுறை. ஜூனில் பள்ளி திறந்ததும் ஆசிரியர் அறையில் கூடிப் பேசி, கொடிநாள் வசூலில் பழகிப்போன முறையிலேயே வகுப்புக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை வைத்தோம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தால் மற்ற பிள்ளைகளுக்கும் ஊக்கமாக இருக்கும் என்று யோசனை சொன்னவன் நான்தான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் மூன்று நாள் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள் அவனுடைய அப்பத்தா வந்து, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, நான்காக மடித்த இரண்டு பத்து ரூபாய்த் தாள்களை என் மேசைமேல் வைத்து நீவிவிட்டு, "இதையும் அந்தப் பலகையில எழுதிருங்க சார், பய பள்ளிக்கூடம் போகமாட்டேங்கிறான்" என்றார். திருப்பிக் கொடுத்தால் அவர் மனம் நோகும், வாங்கினால் நான் செய்தது சரியென்று ஆகிவிடும்; வாங்கிக்கொண்டேன், அவர் வாசலைத் தாண்டியதும் பலகையைத் துடைத்தேன்.

அது போதாதென்று, திரண்ட பணம் காலாண்டுத் தேர்வு வரை அலுவலக பீரோவிலேயே கிடந்தது. எங்கே அனுப்புவது என்பதை வசூலுக்கு முன்பு ஒருவரும் விசாரிக்கவில்லை.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு உரியது. இங்கிருந்து போகும் பணம் 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வருகிறது. இதில் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். என்ற ஏற்பாட்டின்படி, இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒருவர் தம் சொந்தப் பணத்தை, நன்கொடை உட்பட அனுமதிக்கப்பட்ட காரணங்களுக்காக, ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை பான் எண் கொடுத்து வங்கி மூலம் அனுப்பலாம். ஆனால் இது தனிநபருக்கு மட்டுமே. பள்ளியோ, பள்ளியை நடத்தும் அறக்கட்டளையோ இதைப் பயன்படுத்த முடியாது. அறக்கட்டளை தன் வருமானத்தை நாட்டுக்கு வெளியே செலவழித்தால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி அனுமதி இல்லாத நிலையில் அந்தத் தொகைக்கு வரிவிலக்கும் கிடைக்காது. ஊர்ப்பணத்தை ஓர் ஆசிரியர் தம் பெயரில் போட்டு அனுப்புவதும் கூடாது. அவர் வங்கியில் கையெழுத்திட்டுக் கொடுப்பது சொந்தப் பணம் என்ற உறுதிமொழி. ஆகவே பள்ளிக்கு ஒத்துவரும் வழி, இங்கேயே ரூபாயில் வாங்கி, ரசீது கொடுத்து, அங்கே கொண்டு சேர்க்க அனுமதி பெற்ற ஓர் அமைப்பிடம் ஒப்படைப்பதுதான். உங்கள் பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸ் இருந்தால் அதன் மாவட்டப் பொறுப்பாளரிடம் முதலில் கேளுங்கள்.

2022இல் பொருளாதார நெருக்கடியில் தவித்த இலங்கைக்கு அப்படி ஒரு வழி தானாகவே அமைந்தது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர்காக்கும் மருந்துகள் என ஏறத்தாழ 123 கோடி ரூபாய்க்குத் தமிழ்நாடு அரசு நிவாரணம் திட்டமிட்டு, மத்திய அரசின் இசைவுடன் அனுப்பியது. முதல் கப்பல் மே 18 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டது. பொதுமக்களும் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குக் கொடுக்கலாம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. கொரோனாவால் கல்வியாண்டு தள்ளிப்போய், அந்த ஆண்டு மே முதல் பாதியிலும் பள்ளி நடந்தது. முறுக்கு வைக்கும் தகர டின் ஒன்றின் மூடியில் எங்கள் காவலர் உளியால் கீறிக் கொடுத்த உண்டியலைத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், யாரும் உட்கார்ந்து பார்க்காத இடத்தில் வைத்தோம். கடைசித் தேர்வன்று பிள்ளைகளின் தாய்மார் சிலர் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் போட்டுக் கடை வைத்தார்கள். எண்ணெய், எரிவாயுச் செலவைக் கழித்து மீதியைக் கணக்கிட்டவர்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள். லாப நட்டக் கணக்கை நான் வேறெந்த ஆண்டும் அவ்வளவு எளிதாக நடத்தியதில்லை.

பெற்றோரின் எதிர்ப்பு எங்களுக்கும் இருந்தது. "நம்ம ஊர்ல இல்லாத கஷ்டமா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, மதிய உணவு ஒன்றுக்காகவே பள்ளிக்கு வரும் பிள்ளைகள் எங்களிடமும் இருக்கிறார்கள். இருந்தாலும் பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கும் வீடுகளுக்கு நடுவே இதைக் கேட்கிறோம் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். பர்மா, மலேயா, இலங்கை என்று அக்கரைச் சீமைகளில் ஈட்டிய பணத்தில்தான் இங்கே கோயில் திருப்பணியும் சத்திரமும் பாடசாலையும் எழுந்தன. அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. தம் பிள்ளை கொடுக்காது என்றார். சரி என்றேன். கொடுக்காதிருக்கும் உரிமை இல்லாத இடத்தில் திரட்டுவது நன்கொடை ஆகாது, தண்டல்.

எங்கள் பக்கத்தில் பணத்தை எழுதி வைக்க இரண்டு முறைகள் உண்டு. மொய் நோட்டில் கொடுத்தவர் பெயரும் ஊரும் கட்டாயம் இருக்கும், ஏனென்றால் அது திருப்பிச் செய்ய வேண்டிய பணம். நகரத்தார் கடைக் கணக்கில் தருமத்துக்கென்று ஒதுக்கிய மகமை தனிக் கணக்காக நிற்கும். வந்ததும் போனதும் அங்கே தெரிய வேண்டும். 2015இல் நான் நிவாரண வசூலுக்கு மொய் நோட்டுப் போட்டுவிட்டேன். 2022இல் டின்னைத் திறந்து எண்ணும்போது இரண்டு மாணவர்கள், ஓர் ஆசிரியர், ஒரு பெற்றோர் என நால்வர் கையெழுத்திட்டோம். சில்லறை வரை மொத்தத் தொகையும், பணம் செலுத்திய ரசீதின் நகலும் அறிவிப்புப் பலகையில் இருந்தன, ஒரு பெயர்கூட இல்லை.

ஆசிரியர்கள் ஒரு நாள் ஊதியம் கொடுப்பதானால், ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிக் கொடுக்கட்டும். சங்கம் முடிவு செய்துவிட்டது என்று எல்லோருக்கும் சேர்த்துப் பிடித்தம் செய்ய வேண்டாம். வருமான வரிக் கழிவு வேண்டுவோர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, காசோலையாகவோ வங்கி வழியாகவோ தம் பெயரிலேயே செலுத்தி ரசீதும் வாங்க வேண்டும். உண்டியலில் போட்டால் அந்தக் கழிவு கிடைக்காது. எங்கள் பள்ளியில் இதைக் கேட்ட பின்பும் உண்டியலில் போட்டவர்கள்தான் அதிகம்.