பேசாத பெட்டிக்கு எதற்கு பூஸ்டர்?

கேள்வி: கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டை பக்கம் ஆறு குட்டைகளில் வன்னாமி இறால் வளர்க்கிறோம். ஒவ்வொரு குட்டையிலும் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனையும் வெப்பத்தையும் அளக்கும் டிடெக்டர் இருக்கிறது. அதோடு சோலார் தகடும் 3.7 வோல்ட் பேட்டரியும் உள்ள ஒரு ரேடியோ பெட்டி. காவல் கொட்டகையில் கம்ப்யூட்டர், அதில் யுஎஸ்பி ரிசீவர். ஐப்பசி பிறந்ததிலிருந்து 4, 5 ஆகிய இரண்டு குட்டைகளின் அளவு மட்டும் இரவு இரண்டு மணி வாக்கில் நின்றுவிடுகிறது. காலை எட்டரைக்கு மேல் தானாக வந்துவிடுகிறது. விற்றவரைக் கூப்பிட்டோம். "பக்கத்தில் புது செல்போன் டவர் வந்துவிட்டது, சிக்னல் அடிபடுகிறது, பூஸ்டரும் உயரக் கம்பமும் போட வேண்டும்" என்று 38,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். கொட்டேஷனைக் கிழிக்கவும் வேண்டாம், அதன் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். நான் கீழே சொல்லும் அளவுகளை அதில் எழுதி வையுங்கள்.

பாதி பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஆறில் நான்கு பெட்டிகள் இரவு முழுக்கப் பேசுகின்றன. அப்படியானால் கம்ப்யூட்டர் தூங்கவில்லை, ரிசீவரும் நன்றாக இருக்கிறது. ஆறும் ஒரே நேரத்தில் நின்றிருந்தால், விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று யுஎஸ்பியை அணைக்கிறதா, ரிசீவருக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் காம் போர்ட் எண் மாறிவிட்டதா, நள்ளிரவில் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் ஆனதா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அது வேண்டாம். "சிஸ்டத்தை ஃபார்மட் பண்ணிப் பார்க்கலாம் சார்" என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது டவர் கதை. டவர் பகலிலும் அங்கேதானே நிற்கிறது? பகல் பன்னிரண்டு மணிக்கு அது உங்கள் சிக்னலைக் கெடுக்கவில்லை, இரவு இரண்டுக்கு மட்டும் கெடுக்கிறது, அதுவும் இரண்டு குட்டைகளைத் தேடிப் பிடித்துக் கெடுக்கிறது என்றால் அது டவர் இல்லை, பேய்.

வெயில் ஏறியதும் உயிர் வருகிறது என்றால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான். அதை ஊகமாக விடாமல் கம்ப்யூட்டரிடமே கேட்டுவிடலாம். உங்கள் மென்பொருளில் ஆர்எஸ்எஸ்ஐ என்று ஒரு கட்டம் இருக்கும், மைனஸ் போட்ட எண். ரிசீவருக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதன் அளவு அது. மைனஸ் 80 என்றால் கணீரென்று கேட்கிறது, மைனஸ் 120 என்றால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. இரவு ஒரு மணியிலிருந்து அளவு நிற்கும் வரை வந்த எண்களை 4, 5 இரண்டுக்கும் எழுதுங்கள். மைனஸ் 85, 86, 85 என்று சீராக வந்து படக்கென்று நின்றிருந்தால் பெட்டிக்கு மின்சாரம் போய்விட்டது. மைனஸ் 110, 115, 119 என்று தேய்ந்து தேய்ந்து நின்றிருந்தால்தான் சிக்னல் பிரச்சினை. கொட்டேஷன் போடுவதற்கு முன் விற்றவர் பார்த்திருக்க வேண்டியது இதைத்தான். ஐந்து நிமிட வேலை, ஆனால் ஐந்து நிமிட வேலைக்கு 38,000 ரூபாய் பில் போட முடியாதே.

"பேட்டரியை மீட்டரில் பார்த்தோம், 3.6 காட்டியது, நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்வார்கள். இந்த இடத்தில் ஏமாறாதவர் குறைவு. பெட்டி பெரும்பாலான நேரம் தூங்குகிறது, அப்போது அது இழுக்கும் மின்சாரம் சொற்பம். விழித்து, டிடெக்டரை எழுப்பி, அளவெடுத்து, முழு பலத்தில் அனுப்பும் அந்த நொடியில் ரேடியோ மட்டும் நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நைந்த பேட்டரி அந்த நொடியில் தொய்ந்துவிடும், போர்டு ரீசெட் ஆகும். மறுபடி எழும், மறுபடி விழும். நீங்கள் மீட்டரை வைக்கும்போது அது சும்மா இருப்பதால் 3.6 காட்டும். படுத்திருக்கும் நோயாளியைப் பார்த்து ஆள் தெம்பாக இருக்கிறான் என்று சொல்வது போலத்தான் அது. மீட்டர் வைப்பதானால் விடியற்காலை ஐந்து மணிக்கு வையுங்கள், பெட்டி அனுப்பும் நேரத்தில் முள்ளோ எண்ணோ எவ்வளவு கீழே குதிக்கிறது என்று பாருங்கள்.

அதைவிட எளிது மாற்றி மாட்டுவது. பகலில் 4ஆம் குட்டைப் பெட்டியின் பேட்டரியை 1ஆம் குட்டையில் போடுங்கள், 1ஆம் குட்டையினுடையதை 4இல் போடுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். அன்றிரவு 1 நின்றுபோய் 4 ஓடினால் குற்றவாளி பேட்டரி. மறுபடி 4 தான் நின்றால் பேட்டரி நிரபராதி, அடுத்து சோலார் தகட்டைப் பாருங்கள். ஓர் இரவுக்கு ஒரு பொருள்தான். அவசரப்பட்டு பேட்டரி, ஆன்டெனா, கேபிள் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் சரியாகக்கூடப் போகலாம், ஆனால் எது சரியாக்கியது என்று தெரியாது. அடுத்த ஐப்பசியில் மறுபடி எனக்கு எழுதுவீர்கள்.

புது பேட்டரி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. விரல் தடிமனில் இருக்கும் 18650 செல்லின் மேல் கொள்ளளவு 9,900 எம்ஏஎச் என்று பளபளவென அச்சடித்து விற்கிறார்கள். நல்ல கம்பெனி செல்லே அந்த அளவில் 3,500ஐ ஒட்டித்தான் நிற்கும். நகைக்கடைத் தராசில் போட்டுப் பாருங்கள், நல்ல செல் 45 கிராம் அளவில் இருக்கும். 30 கிராம்தான் இருக்கிறது என்றால் உள்ளே பாதி காற்று. 3.2 வோல்ட் என்று எழுதிய லித்தியம் பாஸ்பேட் செல்லை உங்கள் பெட்டியில் போடவே கூடாது, அதற்குச் சார்ஜர் வேறு.

ஐப்பசியில் ஏன் ஆரம்பித்தது என்பதற்கு மழை மேகம் ஒரு காரணம். அடைமழை நாளில் தகடு வழக்கமாகத் தருவதில் பத்தில் ஒரு பங்கு தந்தாலே பெரிது. ஆனால் ஆறு குட்டைக்கும் ஒரே மேகம்தானே? 4க்கும் 5க்கும் தெற்கே சவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சித்திரையில் வெயில் தலைக்கு மேல் நிற்கும்போது தகட்டை மாட்டியவருக்கு எந்த நிழலும் தெரிந்திருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் சூரியன் தெற்கே சாய்ந்த பிறகு அதே சவுக்கு தகட்டின் மேல் பாதி நாள் படுத்துக்கொள்ளும். தகடு வடக்கே பார்த்து நின்றால் கேட்கவே வேண்டாம். அதோடு கொக்கு எச்சம். ஒரு வாளி நல்ல தண்ணீரும் ஒரு துணியும் போதும், அதற்குக் கொட்டேஷன் கிடையாது.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நானே ஒரு தடவை இதில் ஏமாந்து இரண்டு பேட்டரிக்குத் தண்டம் அழுதிருக்கிறேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன். இரவு இரண்டு மணிக்கு உங்கள் பண்ணையில் வேறென்ன நடக்கிறது? ஆக்சிஜன் மிகவும் கீழே இறங்குவது விடிவதற்கு முன்தான் என்பதால், அந்த நேரத்தில் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் ஏரேட்டர்களைக் கூட்டி ஓட்டுவீர்கள். விடிந்து வெயில் வந்ததும் நிறுத்துவீர்கள். பேட்டரி சாகும் நேரமும் ஏரேட்டர் ஓடும் நேரமும் ஒன்றாகவே விழும்! இரண்டையும் பிரிக்காமல் தீர்ப்பு சொல்லக் கூடாது. பிரிப்பது சுலபம். நல்ல வெயிலில், பேட்டரி நிறைந்திருக்கும் பகல் பன்னிரண்டு மணிக்கு, 4, 5 இரண்டிலும் எல்லா ஏரேட்டர்களையும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். அளவு தொடர்ந்து வந்தால் ஏரேட்டர் குற்றமற்றது. ஸ்விட்ச் போட்ட உடனே நின்று, அணைத்த உடனே வந்தால் மோட்டார் அல்லது அதன் ஸ்டார்ட்டர் கிளப்பும் மின் இரைச்சல். ரேடியோ பெட்டியை ஸ்டார்ட்டர் பலகை இருக்கும் அதே கம்பத்தில் கட்டியிருப்பார்கள், பிரித்துப் பத்து மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். ஸ்விட்ச் போட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து நின்று, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் வராமல் இருந்தால் அது இரைச்சல் இல்லை, தண்ணீர். துடுப்புச் சக்கரம் வாரியடிக்கும் உப்புத் தண்ணீர் ஆன்டெனாவை நனைக்கிறது, காயும் வரை அது ஊமை. செய்தி வருகிறது, ஆனால் ஆக்சிஜன் கட்டத்தில் மட்டும் கோடு அல்லது கண்டபடி எண் வருகிறது என்றால் அது ரேடியோ விஷயமே இல்லை. டிடெக்டர் கேபிளையும் ஏரேட்டர் கேபிளையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். பிரித்து விடுங்கள்.

ஆர்எஸ்எஸ்ஐ தேய்ந்துதான் நிற்கிறது என்று உங்கள் குறிப்பு சொன்னால் ஆன்டெனா பக்கம் போகலாம். பெட்டியை அணைத்துவிட்டுத்தான் ஆன்டெனாவைக் கழற்ற வேண்டும், ஆன்டெனா இல்லாமல் அனுப்ப விட்டால் ரேடியோவே கெட்டுப்போகலாம். கழற்றியதும் ஆன்டெனா இணையும் மூட்டைப் பாருங்கள். போன வருஷம் கிள்ளை பக்கம் ஒரு பண்ணையில் கழற்றியபோது மூட்டு முழுக்கப் பச்சைக் களிம்பு, பெட்டிக்குள் இரண்டு பல்லி முட்டை. கேபிளை ஒரு சாண் வெட்டிப் பார்த்தேன், உள்ளே செம்புப் பின்னல் கரியாகக் கருத்திருந்தது. உப்புத் தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவது போல கேபிளுக்குள் ஏறியிருக்கிறது. அதற்கும் முன்னால் ஒருவர் பூஸ்டர் விற்றிருந்தார். கேபிளை மாற்றி, மூட்டின் மேல் இழுத்துச் சுற்றினால் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றினோம். எம்சீல் அப்பாதீர்கள், அடுத்த தடவை திறக்க உளிதான் வேண்டும்.

மூட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வகைத் திருகுகள் உண்டு, ஒன்றில் நடுவில் ஊசி, மற்றதில் துளை. இரண்டு பக்கமும் துளையாக அமைந்துவிட்டால் திருகு நன்றாக ஏறும், உள்ளே தொடவே தொடாது. ஆனாலும் மேஜை மேல் வைத்துக் காட்டும்போது பெட்டி பேசும், அவ்வளவு பக்கத்தில் கசிவே போதும். குட்டைக் கரைக்குப் போனதும் வாய் மூடிவிடும். உடனே "தூரம் அதிகம் சார், பூஸ்டர்."

பூஸ்டர் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம் இருக்கிறது. பெட்டி மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போது பெருக்குவதற்கு என்ன இருக்கிறது? ரிசீவர் பக்கம் மாட்டும் மட்டமான பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். இப்படிப்பட்ட பெட்டிகள் நம் நாட்டில் உரிமம் இல்லாமல் ஓடும் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் கருவியின் பலம் 1 வாட்டுக்கும், ஆன்டெனாவோடு சேர்த்து வெளியே போவது 4 வாட்டுக்கும் மிகக் கூடாது. "5 வாட்" என்று பெருமையாக ஸ்டிக்கர் ஒட்டி விற்பவர் சட்டச் சிக்கலையும் சேர்த்தே விற்கிறார், மாட்டுவது நீங்கள். அரசாங்க வகை ஒப்புதல் சான்றைக் கேட்டுப் பாருங்கள். வேறு ஏதோ பெட்டியின் எண் போட்ட நகலை நீட்டுவார்கள். அந்த நகலை யாரும் சரிபார்ப்பதாக எனக்குத் தெரியவில்லை. இந்தப் பெட்டிகளுக்கு மானியம் கேட்டுப் போடும் கோப்பில் மூன்று கொட்டேஷன் கேட்கிறார்கள், குட்டைக் கரையில் பெட்டியோடு நின்று போட்டோ கேட்கிறார்கள், குறைந்த விலைக்காரருக்கு ஓகே போடுகிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு அளவு வந்ததா என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. இரண்டாம் வருஷ பேட்டரிச் செலவை எழுதவும் அதில் இடம் கிடையாது.

உயரக் கம்பம் மட்டும் முழுப் பொய் இல்லை. தண்ணீர்ப் பரப்பை ஒட்டி ஒரு மீட்டர் உயரத்தில் ஆன்டெனா நின்றால் 400 மீட்டர் தூரம்கூடத் தடுமாறும், இரண்டு முனைக்கும் நடுவில் ரேடியோ அலை சுமார் 6 மீட்டர் ஆரத்துக்கு இடம் கேட்கும். இரண்டு பக்கமும் மூன்று, நான்கு மீட்டர் உயர்த்தினாலே நல்ல வித்தியாசம் தெரியும். அதற்கு ஒரு ஜிஐ பைப்பும் நல்ல எர்த்தும் போதும், டவர் வேண்டாம். "தானே" புயலைப் பார்த்த ஊர், ஸ்டே கம்பி கட்டிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. அளவு நின்ற பிறகு திரையில் என்ன தெரிகிறது? பல மென்பொருள்கள் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மணிக்கு ஆக்சிஜன் 5.2 வந்திருந்தால் ஐந்து மணிக்கும் பச்சை நிறத்தில் 5.2. காவலுக்கு இருப்பவர் அதைப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வார், குட்டையில் 2.5 ஆகியிருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் அது வந்த நேரம் தெரிய வேண்டும். இருபது நிமிடம் செய்தி இல்லையென்றால் கட்டம் சிவப்பாகி போன் அடிக்க வேண்டும். அதற்குத் தனியாகக் காசு என்று விற்றவர் சொன்னால், அவரிடம் வாங்க வேண்டியது அது ஒன்றுதான். காசு கொடுக்கும்போதே பெட்டிகளின் பாஸ்வேர்டையும், செய்தியைப் பூட்டித் திறக்கும் குறியீட்டுச் சாவிகளையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நாளைக்கு வேறு ஆள் வந்து தொட முடியாது.

அதுவரை 4, 5 இரண்டுக்கும் கை மீட்டர்தான். மூன்று மணிக்கு ஒரு தடவை, ஐந்து மணிக்கு ஒரு தடவை. 4 பிபிஎம்முக்குக் கீழே இறங்கினால் ஏரேட்டரைக் கூட்டுங்கள், திரையில் என்ன எழுதியிருந்தாலும்.